அப்கிரேடுக்கு முன்னால் பேக்கேஜ் பட்டியலை ஒப்பிடுங்கள்

மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலோ சிறுசேரி சிப்காட்டிலோ லினக்ஸ் சர்வர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறீர்களா? "அப்கிரேட் செய்யத் தெரியுமா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "அதற்கு முன்னால் என்ன பார்ப்பீர்கள்?" என்று கேட்கும்போதுதான் தேறுகிறவர் யார் என்று தெரியும். பேக்அப் என்பது பாதிப் பதில்தான். இந்த சர்வரில் இருக்கும் பேக்கேஜ்களில் எவை புதிய பதிப்பில் கிடைக்காது என்று கண்டுபிடிப்பது மீதிப் பாதி.

2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 69,830 பேக்கேஜ்கள். புதிதாகச் சேர்ந்தவை 14,100-க்கும் மேல். காலாவதி என்று நீக்கப்பட்டவை 8,840-க்கும் மேல். நீக்கப்பட்டதில் உங்களுடையது ஒன்றே ஒன்று இருந்தாலும் அன்றிரவு தூக்கம் போச்சு. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து வந்ததுதான். அதைப் பராமரிப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஒப்பிடும்போது பலர் சறுக்குவது ஓரிடத்தில். இன்ஸ்டால் ஆகியிருக்கும் அத்தனை பெயர்களையும் அள்ளி எடுத்து ஒப்பிடுவார்கள். "இல்லை" என்று நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும், பயந்துபோவார்கள். அதில் பெரும்பகுதி பொய்க் கணக்கு. லைப்ரரிகளின் பெயரிலேயே பதிப்பு எண் ஒட்டியிருக்கிறது. டெபியன் 12-ல் லிப்ஐசியு72 என்றிருந்தது 13-ல் லிப்ஐசியு76. லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆகிவிட்டது: 2038-க்குப் பிறகும் தேதி பிசகாதபடி 32-பிட் கணினிகளில் நேரக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியபோது ஒட்டிய வால் அது. இவற்றையெல்லாம் அப்கிரேடே பார்த்துக்கொள்ளும். ஆகவே நீங்களாகக் கேட்டு நிறுவியவற்றை மட்டும் எடுங்கள். டெபியனில் ஏபிடி-மார்க் ஷோமேனுவல், ரெட் ஹேட் குடும்பத்தில் டிஎன்எஃப் ஹிஸ்டரி யூசர்இன்ஸ்டால்டு. புதிய பதிப்பை ஒரு கன்டெய்னரில் ஏற்றி, அதில் கிடைக்கும் பெயர்களை இன்னொரு ஃபைலில் எழுதுங்கள். இரண்டையும் சார்ட் செய்து காம் கமாண்டில் கொடுத்தால், நிஜமாகவே கவனிக்க வேண்டியவை மட்டும் மிஞ்சும்.

மிஞ்சியதை வகை பிரிப்பதில்தான் உங்கள் திறமை இருக்கிறது. சிலவற்றுக்குப் பெயர் மட்டும் மாறியிருக்கும். சிலவற்றின் இடத்துக்கு வேறொன்று வந்திருக்கும். ரெட் ஹேட் 10-ல் ரெடிஸ் போய் வால்கி வந்ததுபோல. உண்மையிலேயே செத்துப்போனவைதான் தலைவலி. பைத்தான் 2 டெபியன் 11-ல் இருந்தது, 12-ல் இல்லை; ரெட் ஹேட் 8-ல் இருந்தது, 9-ல் இல்லை. அதை நம்பியிருக்கும் ஸ்கிரிப்டைத் திருத்தி எழுத டெவலப்பருக்கு நாள் வேண்டும். அந்த நாளை முன்கூட்டியே கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு. ரெட் ஹேட் குடும்பத்துக்குக் கூடுதல் பேக்கேஜ்கள் தரும் இபெல் ரெப்போவை நம்பியிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ரெட் ஹேட் 8-க்கு அங்கே இருந்த பேக்கேஜ் 9-க்குத் தானாக வந்துவிடாது. யாராவது ஒரு தன்னார்வலர் அதைப் பராமரிக்க முன்வந்தால்தான் வரும்.

பெயர் இருக்கிறது என்பதால் நிம்மதி அடையாதீர்கள். டெபியன் 12-லிருந்து 13-க்குப் போனால் பிஎச்பி 8.2 என்பது 8.4 ஆகும், போஸ்ட்கிரெஸ் 15 என்பது 17 ஆகும். டேட்டாபேஸைத் தனியாக மாற்ற வேண்டும். பழைய டேட்டா தானாக நகராது. டெபியன் 13-ல் வரும் பைத்தான் 3.13-ல் சிஜிஐ, டெல்நெட்லிப் மாட்யூல்களே கிடையாது.

கோவளம், மாமல்லபுரம் பக்கத்து விடுதிகளுக்குத் தனியாக சர்வர் பார்த்துக் கொடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பின்னால் நின்று தாங்க டீம் இல்லை. சனி, ஞாயிறும் டிசம்பர், ஜனவரி நாட்டிய விழாக் காலமும் புக்கிங் நெரிசல். அப்போது அப்கிரேடில் கை வைக்காதீர்கள்.

காலக்கெடுவைக் கடைசி வரை தள்ளுவதும் ஆபத்து. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ல் முடிந்தது. அதன் பிறகு அந்த சர்வர்களில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை சென்ட்ஓஎஸ் அடைத்துத் தராது.

வேலை தேடுகிறவர்கள் லேப்டாப்பிலேயே இரண்டு பதிப்புகளை ஏற்றி இந்த ஒப்பீட்டைச் செய்து, ஒரு பக்க அட்டவணையாகக் கிட்டில் போடுங்கள்: பேக்கேஜ், என்ன ஆனது, மாற்று எது, எத்தனை மணி நேர வேலை. நேர்முகத் தேர்வில் அதில் ஒரு வரியைச் சுட்டி "ஏன் இந்த மாற்று?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் பதிலோடு போங்கள்.