முகத்தை அளந்து வரைவோம்: பென்சில் ஓவியத்தில் முதல் பாடம்



நான் ஓவியம் படித்தவன் இல்லை. பொறியியல் மாணவன். பள்ளியில் ஓவிய வகுப்பு என்றாலே தென்னை மரம், மலை, நடுவில் சூரியன், இவ்வளவுதான் என் கைக்குத் தெரியும். பிறகு ஏன் இந்தப் பாடத்தை நான் எழுதுகிறேன்? காரணம் என் தாத்தா.

தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். படம் எடுத்துக்கொள்ளப் பிடிக்காது. கேமராவைப் பார்த்தாலே துண்டை உதறிவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் தவறிய பிறகு தேடிப் பார்த்தால், முகம் முழுசாகத் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏதோ மனுவுக்காக எடுத்த கடவுச்சீட்டு அளவுப் படம், 35 × 50 மில்லிமீட்டர். அதைப் பெரிதாக்கி அச்சிட்டோம். எல்லாம் மங்கிப் போய், புகைக்குள் யாரோ நிற்பது மாதிரி வந்தது. சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டுகிற மாதிரி இல்லை. முதல் வருடத் திதிக்கு இன்னும் மூன்று மாதம். “நான் வரையுறேன் பாட்டி”ன்னு வாய் விட்டுவிட்டேன்.

அந்த மூன்று மாதத்தில் கற்றதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு முகம் இருக்கலாம்.

தேவையான பொருட்கள்

பென்சில் நான்கு போதும்: எச், எச்பி, 2பி, 4பி. ‘எச்’ என்றால் கடினம். கோடு மெல்லியதாக, வெளிறியதாக விழும். ‘பி’ என்றால் கறுப்பு. எண் கூடக் கூட மென்மையும் கருமையும் கூடும். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை. களிமண் கூடினால் கடினம், கிராஃபைட் கூடினால் கருமை. இந்த முறையை 1795-இல் காப்புரிமை பெற்றவர் கோன்டே என்ற பிரெஞ்சுக்காரர். அதே வழியில்தான் இன்றும் பென்சில் செய்கிறார்கள்.

அதோடு கொஞ்சம் தடித்த ஏ4 தாள், ஒரு ஸ்கேல், சாதாரண ரப்பர் ஒன்று, மாவு மாதிரி பிசைகிற ரப்பர் ஒன்று. விலை உயர்ந்த பெட்டி எதுவும் வேண்டாம்.

முதல் படி: தலையின் அளவு

புதிதாக வரைகிற எல்லாரும் செய்கிற தவறு, கண்ணிலிருந்து ஆரம்பிப்பது. நானும் அப்படித்தான். ஒரு கண்ணை இரண்டு மணி நேரம் அழகாக வரைந்தேன். அடுத்த கண்ணுக்கு இடம் தேடினால், அது காதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது!

நம் கோயில் ஸ்தபதிகளைப் பாருங்கள். சிலை முழுவதும் முடிந்த பிறகுதான் கண் திறப்பார்கள். அதுவரைக்கும் அளவு, அளவு, அளவுதான். சிற்ப சாஸ்திரத்தில் முகத்தின் நீளம் ஒரு தாளம், அதாவது 12 அங்குலம். (இது ஸ்கேலில் இருக்கிற அங்குலம் இல்லை, அந்தச் சிலைக்கே உரிய அளவு.) ஒன்பது தாளம் கொண்ட சிலைக்கு 9 × 12 = 108 அங்குலம். முகத்தின் 12 அங்குலத்தையும் நெற்றிக்கு 4, மூக்குக்கு 4, மூக்கடியிலிருந்து மோவாய் வரை 4 என்று பிரிப்பார்கள். மேல்நாட்டு ஓவியப் புத்தகங்களைத் திறந்தாலும் இதே மூன்று சம பாகம்தான் இருக்கிறது. பார்த்ததும் எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

இப்போது தாளை எடுங்கள். எச் பென்சிலால், அழுத்தாமல், 16 செ.மீ. உயரமும் 11 செ.மீ. அகலமும் உள்ள முட்டை வடிவம் ஒன்று போடுங்கள். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. பிறகு உச்சியிலிருந்து கீழே அளந்து இந்தக் கோடுகளைப் போடுங்கள்:

2.5 செ.மீ. – முடி தொடங்கும் இடம்
7 செ.மீ. – புருவம்
8 செ.மீ. – கண்
11.5 செ.மீ. – மூக்கின் அடி
13 செ.மீ. – உதடுகள் சேரும் கோடு
16 செ.மீ. – மோவாய்

கண் தலையின் சரிபாதியில் இருப்பதைக் கவனித்தீர்களா? நம்ப முடியாவிட்டால் கண்ணாடி முன் நின்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். நாம் எல்லாரும் கண்ணை நெற்றிக்குத் தூக்கிவிடுவோம். அதனால்தான் புதிதாக வரைபவர் படங்களில் மண்டை சப்பையாகத் தெரிகிறது.

அகலத்துக்கும் கணக்கு உண்டு. கண் கோட்டின் அகலத்தை ஐந்தாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 2.2 செ.மீ. இரண்டாவது பாகமும் நான்காவது பாகமும் கண்கள். நடுவில் ஒரு கண் அளவு இடைவெளி. மூக்கின் அகலம் ஏறக்குறைய அந்த இடைவெளிதான். கருவிழிகளின் நடுவிலிருந்து நேராகக் கீழே இறங்கினால் வாயின் ஓரங்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே முடியும். காது, புருவக் கோட்டில் தொடங்கி மூக்கடிக் கோட்டில் முடியும்.

இரண்டாம் படி: சராசரியிலிருந்து ஆளுக்கு

இந்த அளவெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்து முதல் படத்தை முடித்தேன். எனக்கே பெருமை. பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லா வரைஞ்சிருக்கியே சாமி. யாரு இது?”

அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள்தான் புரிந்தது. நான் வரைந்தது ஒரு மனிதனின் முகம். தாத்தாவின் முகம் இல்லை. மேலே சொன்ன அளவுகள் சராசரி. சராசரி மனிதன் என்று யாருமே இல்லை. ஒருவர் அந்தச் சராசரியிலிருந்து எங்கே, எவ்வளவு விலகுகிறார் என்பதில்தான் அவருடைய சாயல் இருக்கிறது.

ஆகவே, மாட்டுவதற்கு உதவாத அந்த மங்கலான பிரதியை அளப்பதற்கு எடுத்தேன். மங்கலாக இருந்தாலும் மூக்கு எங்கே முடிகிறது என்று அதில் தெரியுமே! மூலப் படத்தைவிட ஐந்து மடங்கு, அதாவது 175 × 250 மி.மீ. அதன் மேல் 25 மி.மீ. சதுரங்களாகக் கட்டம் போட்டேன்: அகலத்தில் 7, உயரத்தில் 10. வரைகிற தாளிலும் அதே கட்டங்களை எச் பென்சிலால் மெல்லியதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்து மாற்றினேன்.

அப்போதுதான் தாத்தா வெளியே வர ஆரம்பித்தார். கணக்குப்படி 11.5-இல் முடியவேண்டிய மூக்கு 12-இல் முடிந்தது. இடது இமை வலதைவிடத் தாழ்ந்திருந்தது. மூக்குத்தண்டு கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. காது மடலில், எப்போதோ கடுக்கன் போட்டிருந்த ஓட்டை. இருபது வருடம் கூடவே இருந்தும் இதில் ஒன்றைக்கூட நான் கவனித்ததில்லை. முதல் படத்தில் இதையெல்லாம் ‘சரி’ செய்திருந்தேன். இரண்டு கண்ணையும் சமமாக்கி, மூக்கை நேராக்கி, தாத்தாவையே அழித்திருக்கிறேன்!

ஒரு சோதனை முறை: பிரதியையும் உங்கள் படத்தையும் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது ‘கண் இப்படித்தான் இருக்கும்’ என்று மூளை முந்திக்கொண்டு சொல்லிவிடும். தலைகீழாக இருந்தால் அது வெறும் கோடும் வளைவும்தான். தவறு பளிச்சென்று தெரியும்.

மூன்றாம் படி: ஒளியும் நிழலும்

கோடுகள் சரியாக அமைந்த பிறகே நிழல். முதலில் வேறொரு தாளில் ஐந்து சின்னப் பெட்டி போட்டு, வெள்ளையிலிருந்து கருமை வரை படிப்படியாக நிரப்பிப் பழகுங்கள். பிறகு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் சின்னச் சின்ன விவரமெல்லாம் மறைந்து, பெரிய இருட்டும் பெரிய வெளிச்சமும் மட்டும் தெரியும். அந்தப் பெரிய இருட்டுகளை முதலில் 2பி-யால் லேசாக நிரப்புங்கள்.

கண்: கண் ஒரு உருண்டை. வெள்ளை விழி முழு வெள்ளை இல்லை. ஓரங்களிலும், மேல் இமைக்குக் கீழேயும் நிழல் விழும். கருவிழியில் ஒரு சின்ன ஒளிப்புள்ளியை மட்டும் தாள் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். உயிர் அங்கேதான் இருக்கிறது.

மூக்கு: இரண்டு பக்கமும் கோடு இழுக்காதீர்கள். மூக்கை எழுப்புவது பக்கத்து நிழலும் நுனியில் விழும் வெளிச்சமும்தான்.

உதடு: மேலேயிருந்து வெளிச்சம் வந்தால் மேல் உதடு கருமையாகவும் கீழ் உதடு வெளிச்சமாகவும் இருக்கும். கீழ் உதட்டுக்குக் கீழே ஒரு நிழல்.

முடி: ஒவ்வொரு முடியாக வரையாதீர்கள். கொத்தாகப் பார்த்து, கொத்துக்கு நிழல் கொடுங்கள். நரைமுடிக்கு, நிழல் போட்ட இடத்தில் பிசைந்த ரப்பரைக் கூராக்கி இழுத்து வெளிச்சத்தை எடுக்கலாம்.

விரலால் தேய்க்க ஆசை வரும். வேண்டாம். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை தாளில் கறையாகிவிடும். டிஷ்யூவைச் சுருட்டிப் பயன்படுத்துங்கள். கைக்கு அடியில் ஒரு வெற்றுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். கருமை வேண்டுமென்று எச்பி-யை அழுத்தினால் தாள் பளபளக்குமே தவிரக் கருமை வராது, 4பி-க்கு மாறுங்கள்.

கடைசியாக

மூன்று படம் வீணானது. நான்காவதைத் திதிக்கு இரண்டு நாள் முன்பு முடித்தேன். இடது இமை தாழ்ந்தே இருந்தது, மூக்கு சாய்ந்தே இருந்தது. பாட்டி இந்த முறை யாரென்று கேட்கவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “ஏன்யா இப்படி முறைக்கிற”ன்னு படத்திடம் கேட்டார். அன்று படையல் அந்தப் படத்துக்கு முன்னால்தான்.

குறை இல்லாமல் இல்லை. கழுத்து கொஞ்சம் தடிமன், சட்டைக் காலர் கோணல். ஆனால் அது தாத்தாதான்.

இந்த மாதம் உங்களுக்கு வீட்டுப்பாடம் தருகிறேன். முதல் வாரம் முட்டை வடிவமும் அளவுக் கோடுகளும், பத்துத் தடவை. இரண்டாம் வாரம் கண், மூக்கு, உதடு தனித்தனியாக. மூன்றாம் வாரம் கட்டம் போட்டு ஒரு படம். நான்காம் வாரம், வீட்டில் மூத்தவர் ஒருவரை எதிரே உட்காரவைத்து அரை மணி நேரம் பார்த்து வரையுங்கள். படம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. அந்த அரை மணி நேரம் அவர் முகத்தை நீங்கள் உண்மையாகவே பார்த்திருப்பீர்கள். தாத்தா விஷயத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி எதிரே உட்காருகிறார், “மூக்குத்திய மறந்துடாத”ன்னு சொல்லிக்கொண்டே.

பென்சிலைச் சீவுங்கள்.