முதல் மாரத்தானுக்குத் தயாராகும் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துத் தம்பிக்கு



வரும் ஜனவரியில் மும்பை மாரத்தான் ஓடப்போகிறாய், அதை முன்னிட்டுப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டுகிறாய் என்று கேட்டு மனம் நிறைந்தது. 42.195 கிலோமீட்டரை ஓடி முடிப்பது உனக்கும் உன் உடம்புக்கும் உள்ள கணக்கு. திரட்டும் பணம் உனக்கும் ஊருக்கும் உள்ள கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது அதுதான்.

டெரி ஃபாக்ஸைப் பற்றிப் படி. எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்த கனடா இளைஞர். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு 1980 ஏப்ரல் 12 அன்று செயின்ட் ஜான்ஸ் நகரில் தொடங்கி, செயற்கைக் காலோடு தினமும் ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம் ஓடினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். தண்டர் பே அருகே, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. நாட்டைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டவர் மறுகரையை எட்டவில்லை. ஆனால் கனடாவில் தலைக்கு ஒரு டாலர் என்று அவர் கேட்ட தொகை 1981 பிப்ரவரிக்குள் சேர்ந்துவிட்டது. அவர் ஓடி முடிப்பாரா என்று பார்த்து யாரும் கொடுக்கவில்லை. கேட்ட காரியத்துக்காகக் கொடுத்தார்கள்.

அதனால், "நான் முடித்தால் கொடுங்கள்" என்று யாரிடமும் கேட்காதே. அப்படிக் கேட்டுவிட்டால், முழங்கால் நிற்கச் சொல்லும்போது பணம் ஓடச் சொல்லும். அந்த இழுபறியில்தான் பலர் காயத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

பயிற்சிக்கு நான்கைந்து மாதமாவது ஒதுக்கு. வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் போதும். பெரும்பாலான ஓட்டங்கள், கூட வருபவரிடம் மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகத்தில் இருக்கட்டும். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மெதுவாகத்தான் பழகும். உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டுபவர்களுக்குக் கால் வலி வருவது இதனால்தான். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்துக்கொள். ஒரே இடத்தில் குத்தும் வலி ஓய்விலும் போகவில்லையென்றால் மருத்துவரைப் பார்.

நீண்ட ஓட்டத்துக்கு நம் சந்துகள் போதாது. மல்லேஸ்வரத்தின் ஏற்ற இறக்கங்கள் காலுக்கு வலு தரும். ஞாயிறு காலையில் வாகனமில்லாத கப்பன் பார்க் இருக்கிறது. அதிகபட்சம் 30, 32 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தால் போதும். அதையும் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட்டு, பிறகு தூரத்தைக் குறை. தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில்தான் பலருக்குத் தீர்கிறது. வழியில் எதைச் சாப்பிட்டால் உன் வயிறு ஏற்கும் என்பதைப் பயிற்சியிலேயே தெரிந்துகொள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறையும், அது ஆபத்து. பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே, குளிர்ந்த காற்றில் இருக்கிறது. மும்பையில் கடற்காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் காயாது. முதல் பாதியை நிதானமாக ஓடு.

இனி பணம். மில் வேலைக் காலத்திலிருந்து சீட்டுப் பிடித்துப் பழகிய பேட்டை நம்முடையது. பணம் கொடுத்தவருக்குக் கணக்கு வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். உன் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாயும் வாங்காதே. நீ நிதி திரட்டும் தொண்டு நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போகட்டும், ரசீதும் அங்கிருந்தே வரட்டும். நன்கொடைக்கான வரிச்சலுகை பற்றிக் கேட்பவர்களிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது என்று முன்னதாகவே சொல்லிவிடு. ஷூ, நுழைவுக் கட்டணம், ரயில் செலவு எல்லாம் உன் கைக்காசு. அதையும் வெளிப்படையாகச் சொல். கேட்கப் போகும் முன் அந்த நிறுவனத்துக்கு ஒருமுறை நேரில் போய், பணம் எதற்குச் செலவாகிறது என்று பார்த்துவிட்டு வா. உன் பேச்சில் உறுதி வரும்.

பூக்கட்டும் அக்கா தரும் இருபது ரூபாயும் அலுவலக மேலாளர் தரும் ஐந்தாயிரமும் பட்டியலில் ஒரே எழுத்தளவில் இருக்கட்டும். இல்லை என்பவரிடம் இரண்டாம் முறை கேட்காதே. மும்பையிலிருந்து திரும்பிய ஒரு வாரத்துக்குள், நீ ஓட்டத்தை முடித்திருந்தாலும் முடிக்காவிட்டாலும், எல்லோருக்கும் கணக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்