கனமான உடம்புக்கு எந்த மலை சைக்கிள்? – ஒரு ஸ்பிரிங் கணக்கு



முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்குமே ஷாக் அப்சார்பர் வைத்த மலை சைக்கிளை 'ஃபுல் சஸ்பென்ஷன்' என்கிறார்கள். விளம்பரத்துல அதை ஓட்டுறவர் எப்பவும் ஒல்லிப் பேர்வழியாகத்தான் இருப்பார். ஆனா நம்ம வகுப்புகளிலேயே நூறு கிலோவைத் தாண்டின நண்பர்கள் உண்டு. அவங்க ஆசைப்பட்டா, 'உனக்கெல்லாம் தாங்காதுடா' என்று சிரித்து அனுப்பி விடுகிறோம். தாங்குமா தாங்காதா என்று நாமே கணக்குப் போட்டுப் பார்த்தால் என்ன? முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸே இதற்குப் போதும்.

முதலில் ஃபிரேமின் எடை வரம்பு. கையேட்டில் போட்டிருக்கும் எண் ஓட்டுபவருக்கு மட்டுமா, சைக்கிளையும் பையையும் சேர்த்தா என்று கவனித்துப் படியுங்கள். ட்ரெக் நிறுவனம் தன் மலை சைக்கிள்கள் பலவற்றுக்கு 136 கிலோ என்று கொடுக்கிறது. அது எல்லாம் சேர்த்த மொத்தம். 110 கிலோ நண்பர், 15 கிலோ சைக்கிள் என்றால் 125. பைக்கும் தண்ணீருக்கும் 11 கிலோ மிச்சம். சரி, இந்தப் பரீட்சையில் பாஸ்.

இனிதான் முக்கியமான இடம். பின்பக்க ஷாக், சக்கரத்தோடு நேராக இணைந்திருக்காது. நடுவே ஒரு நெம்புகோல் அமைப்பு இருக்கிறது. சக்கரம் 130 மி.மீ. மேலே எழும்பும்போது ஷாக் 50 மி.மீ. மட்டுமே அமுங்குகிறது என்று வையுங்கள். 130ஐ 50ஆல் வகுத்தால் 2.6. இதுதான் சராசரி நெம்புகோல் விகிதம். சக்கரத்தில் விழும் பாரத்தைப் போல 2.6 மடங்கு ஷாக்கின் மேல் விழும்.

நம்ம நண்பரின் எடையில் சுமார் 65 சதவீதம் பின்பக்கம் இறங்குவதாக எடுத்துக்கொள்வோம். 110 × 0.65 × 9.81 = 701 நியூட்டன். ஷாக்கில் அது 1823 நியூட்டன். சும்மா ஏறி உட்கார்ந்தாலே ஷாக் தான் அமுங்கக்கூடிய தூரத்தில் 30 சதவீதம் அமுங்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். இதற்கு 'சேக்' என்று பெயர். 50 மி.மீ.யில் 30 சதவீதம் 15 மி.மீ. ஆகவே ஸ்பிரிங்கின் விறைப்பு 1823 ÷ 15, சுமார் 121 நியூட்டன்/மி.மீ. கடை பாஷையில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 695 பவுண்டு. 70 கிலோ ஆளுக்கு இதே ஃபிரேமில் 440 போதும். 600ஐத் தாண்டினாலே ஸ்பிரிங் கிடைப்பது குறைந்துவிடும். ஆக, இந்த சைக்கிள் நம்ம நண்பருக்குச் சரிப்படாது.

இப்போ அதே 130 மி.மீ. டிராவல், ஆனால் ஷாக்கின் ஸ்ட்ரோக் 55 மி.மீ. உள்ள வேறொரு ஃபிரேமைப் பாருங்கள். விகிதம் 2.36. பாரம் 1657 நியூட்டன், அமுக்கம் 16.5 மி.மீ. விறைப்பு சுமார் 100 நியூட்டன்/மி.மீ., அதாவது 575 பவுண்டு. வெறும் 5 மி.மீ. ஸ்ட்ரோக் கூடினதுக்கு 120 பவுண்டு குறைந்துவிட்டது! காரணம், விறைப்பு விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது. டிராவல் அதிகமா இருந்தா கனமானவருக்கு நல்லது என்பது பரவலான நினைப்பு. என்னைக் கேட்டால் ஸ்ட்ரோக்கைத்தான் முதலில் கேட்க வேண்டும். கடைக்காரர் முழிச்சாலும் பரவாயில்லை, ஷாக்கின் அளவிலேயே அது இருக்கும்: 210×55 என்றால் 210 மொத்த நீளம், 55 ஸ்ட்ரோக்.

காற்று அடைத்த ஷாக்கிலும் இதே நியாயம்தான். விகிதம் கூடினால் அழுத்தம் கூடும். பல ஏர் ஷாக்குகளுக்கு உச்ச வரம்பு 325 அல்லது 350 பிஎஸ்ஐ. வரம்பைத் தொட்டும் சேக் 30 சதவீதத்துக்குள் வரவில்லை என்றால் அந்த சைக்கிளை விட்டுவிடுங்கள். இன்னொன்று: விறைப்பான ஸ்பிரிங் வேகமாகத் திரும்பி உதைக்கும். ரீபவுண்டு திருகை முழுக்க இறுக்கியும் பின்பக்கம் துள்ளினால், உள்ளே உள்ள ஷிம் தகடுகளை மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் விஷயத்துக்கு வருவோம். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மண் சரிவில் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் புகைந்து போகும்; மறுபடி கிரீஸ் வைத்து அடைக்க வேண்டும். அதனால் அந்தச் சரிவுக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இறக்கம் ஏறத்தாழ 400 மீட்டர். நம்ம 125 கிலோவுக்கு m×g×h போட்டால் 490 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும்! காற்றுத் தடையும் உராய்வும் கொஞ்சம் தின்றாலும், பெரும்பங்கு பிரேக்கில்தான் போய்ச் சேரும். எனவே நான்கு பிஸ்டன் பிரேக்கும், முன்னால் 203 மி.மீ. டிஸ்க்கும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 160 மி.மீ. டிஸ்க்கைவிட 27 சதவீதம் அதிக டார்க் கிடைக்கும். சூடு பரவ இடமும் அதிகம்.

முன் ஃபோர்க்கின் குழாய் 34 மி.மீ.க்குப் பதில் 36 என்றால், அதே சுவர்த் தடிமனில் வளைவை எதிர்க்கும் விறைப்பு ஏறக்குறைய 19 சதவீதம் கூடும். சக்கரத்தில் 28க்குப் பதில் 32 ஸ்போக்ஸ் கம்பி உள்ளதை எடுங்கள். டயரின் பக்கச்சுவர் தடிமனாக இருக்கட்டும், சில நூறு கிராம் கூடினாலும் கவலை வேண்டாம். புதுச் சக்கரத்தில் கம்பிகள் கொஞ்ச நாளில் தளரும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்து, சத்தம் மந்தமாக வருகிறதை மெக்கானிக்கிடம் சொல்லி இறுக்கிக்கொள்ளுங்கள்.