பக்கத்தில் நின்றால் சொந்தமா?

திருகோணமலை மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் 11. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய், குச்சவெளி, வெருகல் என்று பிரிவுக்கு ஒன்றாக, நவம்பர் மாத மழைக்கணக்கு 11 எழுத்துக் கோப்புகளாக உங்கள் மடிக்கணினியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இரண்டே நிரல்கள்: திகதி, மில்லிமீற்றர். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக்க வேண்டும். லினக்ஸ் தெரிந்த எவரைக் கேட்டாலும், "பேஸ்ட் கட்டளை போதும், அரை நிமிட வேலை" என்பார். அரை நிமிடம் என்பது உண்மைதான்.

நம்பிக்கை: பேஸ்ட், கோப்புகளைப் பொருத்தித் தரும்.

பொருத்தாது, ஒட்டும். பெயரிலேயே அது இருக்கிறது. முதல் வரியோடு முதல் வரி, பத்தாவது வரியோடு பத்தாவது வரி. உள்ளே திகதி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. போயா விடுமுறையன்று ஏதோ ஒரு பிரிவில் யாரும் மழைமானியைப் பார்க்கவில்லை, அந்த வரியே எழுதப்படவில்லை என்றால், அதற்குப் பிறகு அந்த நிரல் முழுவதும் ஒரு படி மேலே ஏறிவிடும். 17ஆம் திகதி மழை 16க்கு எதிரே நிற்கும், 18ஆம் திகதி மழை 17க்கு எதிரே. மாதக் கடைசி வரியில் மட்டும் ஒரு வெற்றிடம். பிழைச் செய்தி எதுவும் வராது. மாதக் கூட்டுத்தொகையும் மாறாது என்பதால் கூட்டிப் பார்ப்பவருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கந்தளாய்க் குளத்தின் நீர்மட்டத்தை இதே அட்டவணையோடு வைத்துப் பார்ப்பவருக்கு, மழை விழுந்து ஒரு நாள் பிந்தித்தான் குளம் ஏறியதாகத் தோன்றும். 1986 ஏப்ரல் 20 அன்று அணை உடைந்த குளம் அது. அங்கே ஒரு நாள் பிசகு சின்ன விஷயமல்ல.

வரிகளை எண்ணிப் பார்த்தால் போதாதா? போதாது. ஒரு நாள் விடுபட்டு, இன்னொரு நாள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் எண்ணிக்கை 30 என்றே காட்டும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு கோப்பின் திகதி நிரலையும் தனியே வெட்டி எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். எல்லாம் அச்சொட்டாக ஒன்றாக இருந்தால் பேஸ்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அது கெட்ட கட்டளை அல்ல. நாம் சொல்லாததை அது செய்வதில்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை: அப்படியானால் ஜாயின் கட்டளையைப் போட்டுவிட்டால் கவலையில்லை.

ஜாயின் திகதியைப் பார்த்தே சேர்க்கும். ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு கோப்புகளைத்தான் எடுக்கும். 11 கோப்புகளுக்குப் பத்துத் தடவை ஓட்ட வேண்டும். கோப்புகள் திகதிப்படி வரிசையாக்கப்பட்டிருக்கவும் வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், தனியே சொல்லிவைக்காவிட்டால் ஏதாவது ஒரு பக்கத்தில் இல்லாத திகதியை அது பேசாமல் விட்டுவிடும். 11 பிரிவுகளும் ஆளுக்கொரு வேறு நாளைத் தவறவிட்டிருந்தால், 30 நாள் மாதத்தில் மிஞ்சுவது 19 நாள். பேஸ்ட் மழையை இடம் மாற்றியது. இது மழையையே காணாமலாக்குகிறது.

என் கை போவது ஆக் பக்கம். 1977இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதிய சின்ன மொழி. அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். கோப்புகளை ஒவ்வொன்றாக வாசித்து, "இந்தத் திகதி, இந்தப் பிரிவு, இவ்வளவு மழை" என்று நினைவில் வைத்துக்கொண்டு, கடைசியில் அட்டவணையாகக் கொட்டும். கோப்புகள் வரிசையில் இருக்க வேண்டியதில்லை, எத்தனை இருந்தாலும் ஒரே ஓட்டம். கொட்டும்போது திகதிகள் தாறுமாறாக வரும் என்பதால் பிறகு வரிசைப்படுத்த வேண்டும். அதற்குத் திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதியிருப்பது நல்லது. இன்னொன்று: பதிவு இல்லாத இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிறகு கூட்டும்போது ஆக் வெறுமையையும் கோட்டையும் பூச்சியமாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால், கோடு உள்ள இடங்களைத் தவிர்க்கவும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழை பெய்யாத நாளும் அளக்காத நாளும் ஒன்றாகிவிடும்.

நம்பிக்கை: கோப்புப் பெயர்களுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டால் கோப்புகள் எண் வரிசையில் வரும்.

மழை1, மழை10, மழை11, மழை2 என்றுதான் வரும். 01, 02 என்று பெயர் வையுங்கள். அல்லது எந்த நிரல் யாருடையது என்று தலைப்பில் எழுதுங்கள். இரண்டும் செய்தால் இன்னும் நல்லது.

விண்டோஸில் சேமித்த கோப்புகளை ஒட்டியதும் பாதி நிரல்கள் அழிந்துபோனதாக அலறுவார்கள். அழியவில்லை. வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருக்கிறது. அது திரையில் எழுத்தை வரியின் தொடக்கத்துக்கே இழுத்துப்போய் மேலெழுத வைக்கிறது. அந்தக் குறியை முதலில் நீக்கிவிட்டால் சரி.

தலைப்புக்குத் தமிழ்ப் பெயரை வெட்டுவது தனிக் கூத்து. திருகோணமலை என்பதில் நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடுக்குப் பத்துக் குறி. யூடிஎஃப்-8 கோப்பில் 30 பைட். "முதல் ஆறு எழுத்தைத் தா" என்று கட் கட்டளையிடம் கேட்டால், பல லினக்ஸ் கணினிகளில் ஆறு பைட்டை எண்ணிவிட்டு "தி" என்று மட்டும் நீட்டும். எழுத்தை எண்ணாமல், நிரலை எண்ணி வெட்டுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஒன்று தப்பிவிடும். இங்கே நாளாந்த மழையை அளப்பது காலை 8.30க்கு, முந்திய 24 மணி நேரத்துக்கு. 16ஆம் திகதி காலையில் அளந்ததை ஒருவர் 16க்கு எதிரே எழுதுவார். "இது நேற்றைய மழையல்லோ" என்று இன்னொருவர் 15க்கு எதிரே எழுதுவார். இரண்டு கோப்பிலும் 30 வரி, இரண்டிலும் திகதிகள் ஒழுங்கு. ஆக்கும் ஜாயினும் எந்தக் குறையும் சொல்லாது. தொலைபேசியை எடுத்து, எழுதினவரிடம் "அண்ணை, எந்த நாளுக்கு நேரே போட்டனீங்கள்?" என்று கேட்டால்தான் தெரியும்.