மெட்டல் கிடாருக்குப் பதினொரு அறிவுரைகள்

ஹெவி மெட்டல் வாசிக்க வரும் தம்பிகளும் தங்கைகளும் முதலில் கேட்பது பிக்அப்பைப் பற்றித்தான். "அண்ணே, ஈ.எம்.ஜி. போடவா, டங்கன் போடவா?" கேள்வியில் தப்பில்லை. அதை முதலில் கேட்பதுதான் தப்பு. காசு கைவிட்டுப் போவதற்கு முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

1. கடைசியிலிருந்து தொடங்குங்கள். கம்பியில் பிறக்கும் ஒலி பிக்அப், ஆம்ப் எல்லாம் கடந்து ஸ்பீக்கரில்தான் வெளியே வருகிறது. கேட்பவர் காதில் விழுவது ஸ்பீக்கர் விட்டுக்கொடுத்தது மட்டுமே. அதனால் முதலில் ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் காசு ஒதுக்குங்கள். அடுத்தது ஆம்ப். பிக்அப் கடைசி. சுமாரான பிக்அப் நல்ல ஸ்பீக்கரில் தேறிவிடும். உயர்ந்த பிக்அப்பை வாங்கி, ஆறு அங்குல ஸ்பீக்கர் உள்ள பயிற்சி ஆம்பில் சொருகினால் செலவுதான் மிச்சம்.

2. ஸ்பீக்கர் ஒரு வடிகட்டி. 12 அங்குலக் கிடார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைச் சரசரவென்று குறைத்துவிடும். டிஸ்டார்ஷன் கிளப்பும் எரிச்சலான கரகரப்பு பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. டிஸ்டார்ஷன் பெடலை வீட்டு ஸ்டீரியோவில் நேராகச் சொருகினால் குளவிக் கூட்டைக் கலைத்தது போல இரைவது இதனால்தான். இங்கிலாந்தின் செலஸ்டியன் நிறுவனத்தின் மூன்று ஸ்பீக்கர்களையாவது கேட்டுப் பழகுங்கள். 60 வாட் தாங்கும் 'வின்டேஜ் 30' மேல்நடு ஒலியைத் தூக்கிக் காட்டும். டிரம்ஸுக்கு நடுவிலும் ரிஃப் தெளிவாகக் கேட்கும். 75 வாட் 'ஜி12டி-75' நடுவைச் சற்றுக் குழித்து, அடியையும் மேலையும் எடுப்பாகத் தரும். 25 வாட் 'கிரீன்பேக்' மென்மையானது; பழைய பிரிட்டிஷ் ராக்கின் குரல் அது. கம்ப்யூட்டரிலோ மாடலரிலோ வாசிப்பவர்களுக்கும் இதே விதிதான். ஒலி பிடிக்கவில்லையென்றால் ஆம்பை மாற்றுமுன் ஐ.ஆர். கோப்பை மாற்றிப் பாருங்கள். அந்தக் கோப்பில் பதிவாகியிருப்பது ஸ்பீக்கரும் மைக்கும்தான்.

3. பின்பக்கம் மூடிய பெட்டியை வாங்குங்கள். திறந்த பெட்டியில் பின்பக்க ஒலி சுற்றி வந்து முன்பக்க அடியொலியை ஓரளவு கரைத்துவிடும். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும்போது நெஞ்சில் விழவேண்டிய அடி அங்கே தளர்ந்துபோகும். நான்கு ஸ்பீக்கர் பெட்டி மேடைக்கு அழகு. இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த மூடிய பெட்டியே பெரும்பாலான வேலைக்குப் போதும், ஆட்டோவிலும் ஏறும்.

4. ஓம் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம், தொடராக இணைத்தால் 16 ஓம். ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் ஓமும் பெட்டியின் ஓமும் பொருந்த வேண்டும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் வாசிக்காதீர்கள்; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆம்பிலிருந்து பெட்டிக்குப் போவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்கட்டும், கிடார் கேபிள் உதவாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கத்தைப் படித்துவிட்டுச் சொருகுங்கள். 120 வோல்ட்டுக்குச் செய்ததை நம் 230 வோல்ட்டில் மாட்டினால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது. உள்ளே கை வைக்கும் வேலையும் வேண்டாம். வால்வு ஆம்பின் கெபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நூறு வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும்.

5. வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபல்தான். சத்தம் இரு மடங்காகக் காதுக்குப் படவேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் தேவை.

6. ஆம்பில் ப்ரீஆம்பைக் கேளுங்கள். மெட்டல் ஆம்பில் டிஸ்டார்ஷன் பெரும்பாலும் ப்ரீஆம்ப் கட்டங்களில் அடுக்கடுக்காக உருவாகிறது. அதனால் அறைச் சத்தத்திலும் அதன் குணம் தெரியும். 1981-இல் வந்த மார்ஷல் ஜே.சி.எம்.800 முரட்டு நடுவொலிக்குப் பேர்போனது. மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) பதிவில் ஒலிப்பது மெசா பூகி மார்க் டூ சி பிளஸ். எடி வான் ஹேலனுக்காக 1992-இல் வந்த பீவி 5150-ஐ அவரைவிட அதிகமாகப் பிழிந்து எடுத்தது மெட்டல்காரர்கள்தான். வால்வு இல்லையே என்று ஏங்கவும் வேண்டாம். பன்டேராவின் டைம்பேக் டாரல் ரம்பம் போன்ற ஒலியை எடுத்தது ராண்டல் டிரான்சிஸ்டர் ஆம்பில்.

7. கெயினைக் குறையுங்கள். தனியறையில் பிரமாதமாகத் தோன்றும் கெயின் பேண்டோடு சேர்ந்ததும் வெறும் இரைச்சலாகிவிடும். கம்பியைத் தொட்ட கணமும் விட்ட கணமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அது மங்கும் இடத்தில் குமிழை நிறுத்தி, இன்னும் கொஞ்சம் பின்னால் திருப்புங்கள். 1970-இல் வந்த பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தை எடுத்துக் கேளுங்கள். இன்றைய அளவுக்கு அதில் கெயின் மிகக் குறைவு. அதில் கிடார் வாசித்த டோனி அயோமி வைத்திருந்ததோ இரட்டைச் சுருள் ஹம்பக்கர்கூட இல்லை, கிப்சன் எஸ்.ஜி.யில் ஒற்றைச் சுருள் பி-90 பிக்அப். பர்மிங்காம் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் அவர். கம்பியின் இறுக்கம் குறையட்டும் என்று 1971-இல் டியூனிங்கை மூன்று அரைச் சுரம் இறக்கினார். அவருடைய கனம் கையிலும், பிறகு டியூனிங்கிலும் இருந்தது.

8. அடியொலியை டிஸ்டார்ஷனுக்கு முன்பே வெட்டுங்கள். தடித்த கம்பியின் அடியொலி அப்படியே ப்ரீஆம்புக்குள் போனால் ரிஃப் கொழகொழத்துவிடும். முன்னால் ஒரு டியூப் ஸ்கிரீமர் வகைப் பெடலை வையுங்கள். டிரைவ் சுழியில், லெவல் உச்சத்தில். அது ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலியைத் தணித்து நடுவை முன்னே தள்ளும். வேக ரிஃப்கள் சட்டென்று இறுகுவதை நீங்களே கேட்கலாம். அடியில் ஏதோ குறைகிறதே என்று கவலைப்படாதீர்கள். கிடாரின் தாழ்ந்த 'ஈ' 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிடாரின் 'ஈ' 41 ஹெர்ட்ஸ். அந்தத் தரைத்தளம் பேஸ்காரருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. அவர்கள் இடத்தை விட்டுக்கொடுத்தால் மொத்த பேண்டும் கனக்கும்.

9. மிட் குமிழைச் சுழிக்குக் கொண்டுபோகாதீர்கள். நடுவைக் குழித்த ஒலி வீட்டில் பயங்கரமாக இருக்கும், மேடையில் காணாமல் போகும். பாதியில் வைத்துத் தொடங்கி, பேண்டோடு வாசித்தபடியே கூட்டிக் குறையுங்கள்.

10. இப்போது பிக்அப்புக்கு வரலாம். கெயின் ஏறினால் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் ஏறும் என்பதால் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் வைப்பதே நல்லது. கிப்சனில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு அது. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தால் ஹம் ஒன்றையொன்று அழிக்கும், கம்பியின் ஒலி கூடும். செராமிக் காந்தம் பொதுவாக இறுக்கமும் கூர்மையும் தரும். ஆல்னிகோ சற்று வட்டமானது. சுருளில் சுற்று ஏற ஏற வலு கூடும், உச்ச ஒலி மங்கும். ஆக, அதிக அவுட்புட் என்பதே தரம் ஆகாது. ஈ.எம்.ஜி. 81 போன்ற ஆக்டிவ் பிக்அப்புக்குள் ஒரு சிறு ப்ரீஆம்ப் இருக்கிறது. இரைச்சல் குறைவு, அடி இறுக்கம். ஆனால் 9 வோல்ட் பேட்டரி வேண்டும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்காவிட்டால் அது தீர்ந்துகொண்டே இருக்கும். புதிது வாங்குமுன் இருக்கும் பிக்அப்பின் உயரத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தேடியது அங்கேயே கிடைத்துவிடும்.

11. இந்த விதிகளை மீறலாம், கேட்டுவிட்டு மீறுங்கள். ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் என்டூம்ப்டு பேண்டின் இளைஞர்கள் பாஸ் எச்.எம்-2 பெடலின் நான்கு குமிழ்களையும் உச்சத்தில் வைத்து 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' (1990) பதிவு செய்தார்கள். மேலே நான் சொன்னதில் பாதிக்கு அது நேர் எதிர். ஸ்வீடன் டெத் மெட்டலுக்கு முகமே அந்த ஒலிதான். நீங்களும் துணியலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே ரிஃபை முன்னும் பின்னும் போனில் பதிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள், ஏனென்றால் சத்தம் கூடியதெல்லாம் நல்லதாகவே தோன்றும். அப்படிக் கேட்டும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் அந்தப் பொருளை வாங்காதீர்கள். அந்தக் காசுக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டு ரிஃபை மெட்ரோனோமில் போட்டுத் தேயுங்கள்.