பட்டத்தில் கையெழுத்திடுவது யார்?

கேள்வி: வக்கீல் ஐயா, எங்களுக்குப் பூர்வீகம் தர்மபுரிப் பக்கம். மைசூருக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. கணவர் இல்லை; சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். ஒரே மகன். இந்த வருஷம் இரண்டாம் பி.யு.சி. முடித்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கேமராதான் எல்லாம். தசரா வந்தால் யானைகளைப் படமெடுக்க விடியற்காலையிலேயே அரண்மனை வாசலில் போய் நின்றுவிடுவான். சினிமாவும் போட்டோகிராபியும் சேர்ந்த டிகிரிதான் படிப்பேன் என்றான்.

இங்கே ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட்டில் மூன்று வருஷ பி.எஸ்சி. என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். வட மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் டிகிரி கிடைக்கும், யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டு என்றார்கள். மூன்று வருஷத்துக்கும் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றதால், ஜூன் மாதம் நகையை அடகு வைத்து ரூ.2,40,000 கட்டினேன். மார்க்ஸ் கார்டு, டி.சி. ஒரிஜினல்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது, ‘இது தபால் வழிப் படிப்பு மாதிரிதான், பரீட்சைக்கு மட்டும் அந்த ஊருக்குப் போய் வந்தால் போதும்’ என்கிறார்கள். பையன்கள் பதினோரு பேர், கேமரா இரண்டு. பணத்தைக் கேட்டால், ‘எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று நான் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டுகிறார்கள்.

பணமும் சான்றிதழும் திரும்பக் கிடைக்குமா? கேஸ் நடத்த எனக்கு வசதியில்லை. குறைந்த செலவில் உண்மையான டிகிரி எங்கே கிடைக்கும் என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மைசூரு

பதில்: அம்மா, முதலில் மார்க்ஸ் கார்டு. பணத்துக்காகப் போராட நாள் இருக்கிறது, சான்றிதழுக்கு இல்லை. அது கையில் இல்லாமல் உங்கள் மகன் வேறெங்கும் சேர முடியாது. ஒரிஜினலைப் பார்த்துச் சரிபார்க்கலாம், பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு தெளிவாகச் சொல்கிறது. நகையை அடகுக் கடைக்காரர் வைத்துக்கொள்வது போல மார்க்ஸ் கார்டை ஈடாக வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. இன்றே ஒரு வெள்ளைத் தாளில், எந்தெந்தச் சான்றிதழை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதி, ஏழு நாளில் திருப்பித் தரும்படி கேளுங்கள். ஒப்புகையுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். தராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு காவல் நிலையத்துக்குப் போகலாம்.

இனி டிகிரி விஷயம். உங்களைப் போல எத்தனையோ பெற்றோர் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் விசாரித்தது ஒன்றே: கல்லூரி நல்ல கல்லூரியா, கட்டடம் எப்படி, வேலை வாங்கித் தருவார்களா. பட்டச் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது யார், மைசூரில் நடக்கும் வகுப்புக்கு அவர் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டம், பிரிவு 22, பட்டம் வழங்கும் உரிமையை மூன்று பேருக்கு மட்டுமே தருகிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். வேறு யார் கொடுத்தாலும் அது அலங்காரத் தாள். (மீறினால் பிரிவு 24இன்படி அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. 1956இல் அது பெரிய தொகை. இன்று ஒரு நல்ல கேமரா பை வாங்கக்கூடப் போதாது. நாடாளுமன்றம் இதை இன்னும் திருத்தாமல் இருப்பது வெட்கக்கேடு.)

‘வட மாநிலப் பல்கலைக்கழகம் உண்மையிலேயே இருக்கிறதே, யு.ஜி.சி. பட்டியலிலும் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கட்டும். சத்தீஸ்கரில் 2002இல் ஒரு சட்டம் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பெயர்ப் பலகைக்கு மேல் பலவற்றில் ஒன்றுமில்லை. யு.ஜி.சி.யின் முன்னாள் தலைவரான விஞ்ஞானி யஷ்பால் உச்ச நீதிமன்றம் போனார். 2005 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு மாநிலத்தின் சட்டம் அந்த மாநிலத்தின் எல்லையோடு நிற்கிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் வெளியூர்க் கல்லூரிகளை இணைத்துக்கொள்ள முடியாது. மாநிலத்துக்கு வெளியே வளாகம் திறக்க யு.ஜி.சி.யின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டார்கள் என்பது என் ஊகம்.

தபால் வழி என்று இப்போது சொல்வது அவர்களுக்கே வினையாக முடியும். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தவே கூடாது என்று யு.ஜி.சி. தடை செய்திருக்கும் பாடங்களில் காட்சிக் கலையும் ஒன்று. இன்னொரு சோதனையும் உண்டு. தொலைநிலைப் படிப்பில் சேரும் ஒவ்வொரு மாணவரும் யு.ஜி.சி. இணையதளத்தில் ‘டெப் ஐடி’ என்ற எண்ணைத் தானே உருவாக்க வேண்டும்; 2024 முதல் இது கட்டாயம். உங்கள் மகனுக்கு அப்படி ஓர் எண் இருக்கிறதா என்று கேளுங்கள். அவன் விழித்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் ஏட்டில் அவன் பெயரே ஏறியிருக்காது.

தொலைநிலைக் கல்வியில் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதை மைசூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் ஊர் முக்தகங்கோத்ரியில் இருக்கும் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1996இல் தொடங்கியது, முழுக்க அரசுடையது. மாநிலத்துக்கு வெளியே தனியாரோடு கைகோத்து மையங்கள் நடத்தியது, தொழில்நுட்பப் படிப்புகளை நடத்தியது என்று காரணம் சொல்லி, 2012-13க்குப் பிறகு அதன் அங்கீகாரத்தை யு.ஜி.சி. நீட்டிக்கவில்லை. 2015 ஜூனில் பொது அறிவிப்பும் வந்தது. 2018-19இலிருந்துதான் அங்கீகாரம் திரும்பியது; இன்று அங்கே தாராளமாகச் சேரலாம். ஆனால் நடுவில் சேர்ந்த மாணவர்கள், செய்யாத தப்புக்காக வருஷக்கணக்கில் அலைந்தார்கள். அரசுப் பல்கலைக்கழகத்துக்கே இந்த நிலை வந்தபோது, வாடகை மாடியில் நடக்கும் இன்ஸ்டிட்யூட்டை நம்பி மூன்று வருஷத்தை ஒப்படைக்கலாமா?

பணத்துக்கு வருவோம். உங்கள் வழக்கின் பலமே, எந்தப் பக்கம் போனாலும் அவர்கள் மாட்டிக்கொள்வதுதான்.

‘நாங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரி’ என்று சொன்னால், யு.ஜி.சி. விதி அவர்களைக் கட்டும். சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால், ரூ.5,000க்கு மேற்படாத கழிவு போக முழுக் கட்டணம்; அதற்குப் பிறகு கடைசி நாளுக்குள் விலகினால் 90 சதவீதம்; கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80; முப்பது நாளுக்குள் 50. 2018 அறிவிப்பின் கணக்கு இது. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இன்னும் தாராளமாக உத்தரவு போடும். 2024-25இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையையும் தரச் சொன்னது. மூன்று வருஷக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கியதும் தப்பு. இஸ்லாமிக் அகாடமி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2003இலேயே உச்ச நீதிமன்றம், அந்த ஆண்டின் அல்லது பருவத்தின் கட்டணத்தை மட்டுமே கல்லூரி எடுத்துக்கொள்ளலாம், முன்பணம் வாங்கியிருந்தால் மீதியை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்றது. இந்த வழியில் போவதானால், அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் குறைதீர்க் குழுவுக்கும், அடுத்து அதன் குறைதீர்ப்பாளருக்கும் மனுப் போடலாம். 2023 ஏப்ரலில் வந்த யு.ஜி.சி. ஒழுங்குமுறைகள் இந்த உரிமையைத் தருகின்றன.

‘நாங்கள் கல்லூரி இல்லை, வெறும் பயிற்சி மையம்’ என்று பல்டி அடித்தால் இன்னும் நல்லது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பது வெகுநாளாக இழுபடும் சர்ச்சை. 2020 ஜனவரியில் மனு சோலங்கி வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம், கல்வி நிறுவனங்கள் வராது, ஆனால் பயிற்சி மையங்கள் வரும் என்று தீர்ப்பளித்தது. அதன் மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போயிற்று. எனவே உங்கள் எதிர்த்தரப்பு ‘கல்வி நிறுவனம்’ என்ற குடையின் கீழ் ஒதுங்கப் பார்க்கும். ஒதுங்க விடாமல் தடுக்க ஒரு தீர்ப்பு கையில் இருக்கிறது: புத்திஸ்ட் மிஷன் பல் மருத்துவக் கல்லூரி வழக்கு, 2009. பீகாரில் ஒரு கல்லூரி, மகத் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குவதாக விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்தது. இணைவும் இல்லை, பல் மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரமும் இல்லை. இது சேவைக் குறைபாடுதான் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்து, கட்டணத்தோடு இழப்பீடும் கிடைக்கச் செய்தது. உங்கள் கதையும் ஏறக்குறைய அதுதான்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளைக் கண்டு பயப்பட வேண்டாம். பொய்யைச் சொல்லி வாங்கிய சம்மதம் சம்மதமாகாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ‘டிகிரி, யு.ஜி.சி. அங்கீகாரம்’ என்று அச்சிட்ட அந்த நோட்டீஸ் உங்களிடம் இருக்கிறதா? அதுதான் உங்கள் வழக்கின் உயிர். வாட்ஸ்அப் உரையாடலையும், அவர்களின் இணையப் பக்கத்தையும் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள். அந்த வேலைக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.

வழக்கு மைசூரிலேயே, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடலாம். பணம் கட்டியவர் நீங்கள் என்பதால் உங்கள் பெயரில் போடுங்கள், மகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கொடுத்த வழக்குகளுக்கு ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் கொடுத்துப் பாருங்கள். சில நேரம் அந்த ஒரு அழைப்பிலேயே காசோலை வந்துவிடுவதுண்டு. வக்கீலுக்குச் செலவாகுமே என்று தயங்காதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி எந்தப் பெண்ணும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் கேட்கலாம். மைசூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள்.

போலீஸ் வழக்கு? பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவின் கீழ் மோசடிப் புகார் கொடுக்க முடியும். ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும்; ‘இது சிவில் விவகாரம்’ என்று நிலையத்தில் திருப்பி அனுப்புவதே வாடிக்கை. மற்ற பத்துப் பையன்களின் பெற்றோரும் சேர்ந்து போனால் கதை வேறு.

கடைசியாக, எங்கே படிக்க வைப்பது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். மைசூரிலேயே சாமராஜேந்திர அரசு காட்சிக் கலைக் கல்லூரி இருக்கிறது. ஊரில் ‘காவா’ என்பார்கள். பி.வி.ஏ. (காட்சிக் கலை இளங்கலை) பட்டத்தில் போட்டோகிராபியும் புகைப்பட இதழியலும் அங்கே ஒரு தனிப் பிரிவு. அரசுக் கல்லூரி, அரசுக் கட்டணம். பட்டம் மாநிலப் பல்கலைக்கழகத்துடையது. டி. எஸ். சத்யனைப் போன்ற புகைப்படக்காரரைத் தந்த ஊரில் இதை விட்டுவிட்டு மாடிப்படி ஏறியிருக்கிறீர்கள். எழுத்தும் படமும் சேர்ந்து வேண்டுமென்றால், 1951லேயே இதழியல் பாடம் தொடங்கிய மகாராஜா கல்லூரியும் பக்கத்தில்தான்.

சினிமாதான் வேண்டுமென்றால் சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி. ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு, ஒலிப்பதிவு என்று நான்கு வருஷ பி.வி.ஏ. பட்டம். விண்ணப்பிக்கும் முன் அதன் கையேட்டில் இருப்பிட நிபந்தனையை முதலில் படியுங்கள், நீங்கள் கர்நாடகவாசி. புனே திரைப்படக் கல்லூரி உங்கள் மகனுக்கு இப்போது அல்ல. அதன் முக்கியப் படிப்புகளுக்கு ஏற்கெனவே ஒரு டிகிரி வேண்டும். அதுவும் கொல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனமும் 2025 ஏப்ரலில்தான் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆயின. அதுவரை புனேயில் படித்தவர்கள் வாங்கியது டிப்ளமா.

டிப்ளமா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள அரசுத் திரைப்பட நிறுவனத்தின் வேர் 1940களின் எஸ். ஜே. பாலிடெக்னிக்கில் இருக்கிறது. மைசூரில் பிறந்த வி. கே. மூர்த்தி அங்கே டிப்ளமா படித்தவர்தான். இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘காகஸ் கே பூல்’ அவர் ஒளிப்பதிவு. பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளரும் அவரே. டிப்ளமாவை டிப்ளமா என்று சொல்லிக் கொடுத்தால் சட்டத்துக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் நாளை அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ டிகிரி கேட்பார்கள் என்பதால், உங்கள் நிலையில் நான் பி.வி.ஏ. பக்கமே நிற்பேன்.

புது இடத்தில் சேர்க்கும் முன் அரசு வங்கி ஒன்றில் கல்விக் கடனுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள், கடன் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. அங்கீகாரம் இல்லாத படிப்பு என்றால் மேனேஜர் கேட்கும் முதல் தாளிலேயே தெரிந்துவிடும்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். நீங்கள் பணம் கட்டிய ஜூன் மாதத்திலிருந்தே அதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.