மங்கிய விளக்கு

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு பூ வியாபாரி இருக்கிறார். தினமும் விடியற்காலை 4 மணிக்கு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போவார். பூ மூட்டையோடு திரும்புவார். போய்வர ஒரு பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். அது அவருடைய அப்பா வாங்கிய வண்டி. மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா ஆலையில் செய்தது. அந்த ஆலை 1961-ல் வண்டி செய்யத் தொடங்கியது. 1996-ல் மூடப்பட்டது. ஆனால் அங்கே செய்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

ஒரு நாள் விடியற்காலை. தெருவிளக்கு எரியவில்லை. வண்டியின் முன்விளக்கு மங்கலாக எரிந்தது. தெரு பெருக்கும் அம்மா ஒருவர் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். மிக அருகில் வந்த பிறகுதான் அவர் கண்ணில் பட்டார். பூ வியாபாரி பிரேக்கை அழுத்தினார். ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. அந்த அம்மாவின் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. இருவருக்கும் உடம்பு நடுங்கியது.

அன்றே அவர் மெக்கானிக்கிடம் போனார்.

"அண்ணே, பெரிய பல்பு ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்றார்.

"அவசரப்படாதே தம்பி. முதலில் சோதித்துப் பார்ப்போம்" என்றார் மெக்கானிக்.

அவர் விளக்கை எரியவிட்டார். மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியில் 6 வோல்ட் இருந்தது. பல்பில் 5 வோல்ட்தான் இருந்தது.

"ஒரு வோல்ட்தானே அண்ணே?"

"ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும் தம்பி."

அந்த ஒரு வோல்ட் எங்கே போனது?

குழாய்க்குள் துரு அடைத்தால் தண்ணீர் குறைவாக வரும். மின்சாரமும் அப்படித்தான். பழைய வயர், துருப்பிடித்த இணைப்பு, தேய்ந்த ஸ்விட்ச் ஆகியவை அதைத் தடுக்கும். அங்கே மின்சாரம் வீணாகச் சூடாக மாறிவிடும்.

6 வோல்ட் வண்டியில் இந்த இழப்பு அதிகம். 35 வாட் பல்புக்கு வயரில் சுமார் 6 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட் வண்டியில் சுமார் 3 ஆம்பியர் போதும். குறைவாக ஓடினால் இழப்பும் குறையும். தொலைதூரத்துக்கு மின்சாரத்தை உயர்ந்த வோல்ட்டில் அனுப்புவதும் இதற்காகத்தான். 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அப்படித்தான் போனது. தூரம் சுமார் 147 கிலோமீட்டர்.

மெக்கானிக் என்ன செய்தார்?

1. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். பேட்டரி முனையில் படிந்திருந்த வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்தார்.

2. இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்தார். பல்பிலிருந்து பேட்டரிக்குப் புதிய எர்த் வயர் போட்டார்.

3. பேட்டரியிலிருந்து முன்விளக்குக்குத் தடித்த வயர் இழுத்தார். பேட்டரி அருகிலேயே அதில் ஃபியூஸ் வைத்தார். ஃபியூஸ் இல்லாவிட்டால் வயர் உரசும்போது தீப்பிடிக்கலாம்.

4. 6 வோல்ட் ரிலே இரண்டு பொருத்தினார். ஒன்று டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு. ரிலே ஒரு மதகு போன்றது. சிறிய மின்சாரம் வந்தால் பெரிய மின்சாரத்துக்கு வழி திறக்கும். அதனால் பழைய ஸ்விட்சுக்குச் சுமை இல்லை.

5. முன்விளக்கின் உள்ளே இருந்த ரிஃப்ளெக்டர் கறுத்திருந்தது. அதை மாற்றினார்.

மீட்டர் இப்போது பல்பில் 5.8 வோல்ட் காட்டியது. பல்பு அதே பழைய பல்புதான்!

"பெரிய பல்பு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் அண்ணே?"

"வயர் இன்னும் சூடாகியிருக்கும். டைனமோவால் ஈடு கொடுக்க முடியாது. பேட்டரி இறங்கிவிடும். நடுவழியில் நிற்பாய்."

கடைசியாக வண்டியைச் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தினார். பூ வியாபாரியை அதில் உட்காரச் சொன்னார். டிம் வெளிச்சம் விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழும்படி திருப்பினார். எதிரே வருபவரின் கண் கூசக் கூடாது அல்லவா?

மறுநாள் விடியற்காலை. அதே தெரு. அந்த அம்மா தூரத்திலேயே தெரிந்தார். பூ வியாபாரி வேகத்தைக் குறைத்தார். ஒதுங்கிப் போனார்.

"இன்றைக்குக் கண் தெரிகிறதா தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நன்றாகத் தெரிகிறது அம்மா" என்றார் அவர்.

பதில் சொல்லுங்கள்

1. பல்பு நன்றாக இருந்தும் வெளிச்சம் ஏன் குறைந்தது?

2. ஃபியூஸ் எதற்கு?

3. உங்கள் வண்டியின் முன்விளக்கை எப்போது சோதித்தீர்கள்?